0.00 என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமா?

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை இரவு. நான் வானொலி நேரலையில் இருந்தேன். சிங்கப்பூர் செந்தோசாவில் உலகச் சதுரங்கச் சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம், அதாவது கடைசி ஆட்டம், நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் சீனாவின் டிங் லிரென், நடப்புச் சாம்பியன். எதிரே சென்னைப் பையன் குகேஷ், வயது 18. இருவரும் 6.5 – 6.5 என்று சமமாக நின்றார்கள். நம் நேயர்களில் பாதிப் பேர் அன்று அதைத்தான் கேட்டு வாட்ஸ்அப் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசியை நிமிர்த்தி வைத்திருந்தேன். திரையில் பலகை. அதன் ஓரத்தில் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு பட்டை. அதன்மேல் ஓர் எண்: 0.00. யாருக்கும் சாதகமில்லை என்று எஞ்சின் சொல்கிறது. எனக்குச் சதுரங்கத்தில் காய் நகர்த்தத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் எண்ணைப் படிக்கத் தெரியுமே! பாட்டு முடிந்ததும் தெம்பாகச் சொன்னேன்: “நேயர்களே, ஆட்டம் டிராவை நோக்கிப் போகிறது. இனி ஒன்றும் நடக்காது. நாளை டை-பிரேக்கர்தான்.”

அடுத்த பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்கா மகனிடமிருந்து குரல் பதிவு வந்தது. “சித்தி! டிங் தோத்துட்டாரு! நீங்க ரேடியோல என்னமோ சொன்னீங்க!”

நேரலையில் திருத்தம் சொன்னேன். அதோடு சும்மா இருந்திருக்கலாம். “உலகச் சாம்பியனே இப்படி ஒரு சின்னப் பிள்ளைத்தனமான தவறு செய்யலாமா?” என்று ஒரு வரியையும் சேர்த்தேன். என்னிடம் எண் இருந்தது, அதனால் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு.

அந்த வரி சில மாதம் கழித்து வீட்டுக்கே திரும்பி வந்தது.

அக்கா மகன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். பள்ளிகளுக்கு இடையிலான ஒரு போட்டியில் கடைசிச் சுற்றில் தோற்றுவிட்டான். தோற்றதுகூடப் பெரிதில்லை. வீட்டுக்கு வந்து, ஆட்டத்தை அப்படியே தொலைபேசியில் ஏற்றி, எஞ்சினைப் பார்க்கச் சொல்லியிருக்கிறான். 50ஆவது நகர்வு வரை 0.00. அடுத்த நகர்வில் பட்டை முழுதும் எதிரியின் நிறம். பக்கத்தில் சிவப்பு நிறத்தில் இரண்டு கேள்விக்குறி. பையன் பலகையை மடித்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டான். “டிராவா இருந்த ஆட்டத்த ஒரே நகர்வுல கெடுத்துட்டேன் சித்தி. சின்னப் பிள்ளைத்தனம்” என்றான். என் வார்த்தை.

அன்றிலிருந்துதான் இந்த எண் எங்கிருந்து வருகிறது, ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் அது என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

எண் எப்படிப் பிறக்கிறது?

சதுரங்கம் கற்றுக்கொள்ளும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலில் ஒரு கணக்குச் சொல்லித் தருவார்கள். சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, யானை 5, ராணி 9. எஞ்சின்களும் நெடுங்காலம் இதே கணக்கில்தான் தொடங்கின. காய்களைக் கூட்டு, ராஜா பாதுகாப்பாக இருக்கிறாரா, சிப்பாய்கள் சிதறிக் கிடக்கின்றனவா என்று பார்த்துக் கொஞ்சம் ஏற்று, கொஞ்சம் இறக்கு. பிறகு ‘நான் இப்படிப் போனால் அவன் எப்படிப் போவான்’ என்று நொடிக்குப் பல லட்சம் நிலைகளைப் பார்த்து, நல்ல வழி எதுவோ அதன் எண்ணை மேலே கொண்டு வந்து காட்டு.

இன்று உலகின் வலுவான எஞ்சின்களில் ஒன்று ஸ்டாக்ஃபிஷ். இலவசம், உங்கள் தொலைபேசியிலேயே ஓடும். 2020 செப்டம்பரில் வந்த அதன் 12ஆவது பதிப்பில் ஒரு பெரிய மாற்றம் செய்தார்கள். மனிதர் எழுதிய விதிகளோடு, கோடிக்கணக்கான நிலைகளைப் பார்த்துப் பழகிய ஒரு சிறிய நரம்பியல் வலையமைப்பையும் சேர்த்தார்கள். அந்த யோசனை ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியிலிருந்து வந்தது. 2018இல் யூ நாசு என்பவர் உருவாக்கியது. 2024 தொடக்கத்தில் மனிதர் எழுதிய மதிப்பீட்டு விதிகளை ஸ்டாக்ஃபிஷ் முழுதாகவே கைவிட்டுவிட்டது.

அதனால் இப்போது திரையில் +1.00 என்று வந்தால் ‘ஒரு சிப்பாய் கூடுதல்’ என்று பொருள் இல்லை. எஞ்சின் தன்னோடு தானே ஆடினால் அந்த நிலையிலிருந்து பாதி ஆட்டங்களில் வெல்லும் என்று பொருள். சில ஆண்டுகளாக அப்படித்தான் எண்ணைச் சரிப்படுத்தியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நான் படிப்பதைச் சற்று நிறுத்தினேன். தன்னோடு தானே ஆடினால்! களைக்காத, பயப்படாத, நேரம் போகிறதே என்று உள்ளங்கை வியர்க்காத இரண்டு பேர் ஆடினால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் அதனிடம் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை.

கூட்டல் கணக்குத் தோற்கும் இடம்

இறுதிக் கட்டம் என்றால் பலகையில் காய்கள் குறைந்துவிட்ட நேரம். காய் குறைந்தால் கணினிக்கு வேலை சுலபம் என்றுதான் நினைப்போம். நடு ஆட்டத்தில் ஒரு சண்டை ஐந்தாறு நகர்வுகளில் முடிந்துவிடும். யார் எதை வெட்டினார் என்பது தெரிந்துவிடும். இறுதிக் கட்டத்தில் அப்படி இல்லை. ராஜா பலகையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடக்க வேண்டும். சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக ஏற வேண்டும். இன்று செய்யும் வேலைக்கு 30 நகர்வு கழித்துத்தான் பலன் தெரியும். அவ்வளவு தூரம் பார்ப்பது எஞ்சினுக்கும் பாரம்தான்.

கூட்டல் கணக்கு எப்படிக் கவிழ்கிறது என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று. உங்களிடம் ஒரு பிஷப், ஓரத்து வரிசையில் ஒரு சிப்பாய். எதிரியிடம் ராஜா மட்டும். கணக்குப்படி நீங்கள் 4 புள்ளி முன்னால். ஆனால் அந்தச் சிப்பாய் ராணியாக மாற வேண்டிய மூலைக் கட்டம் வெள்ளையாக இருந்து, உங்கள் பிஷப் கறுப்புக் கட்டங்களில் ஓடுவதாக இருந்தால்? எதிரி ராஜா அந்த மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். உங்கள் பிஷப் ஆயுள் முழுக்கச் சுற்றினாலும் அந்தக் கட்டத்தைத் தொட முடியாது. ஆட்டம் டிரா. அந்தக் காலத்தில் எஞ்சின் எழுதியவர்கள் இது போன்ற நிலைகளுக்கென்றே தனித்தனி விதிகளை எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது.

இதன் பெரிய வடிவத்தைச் சதுரங்கக்காரர்கள் ‘கோட்டை’ என்கிறார்கள். பலவீனமான பக்கம் உள்ளே நுழைய முடியாதபடி ஒரு வேலி போட்டுக்கொண்டு, ராஜாவை இங்கும் அங்கும் ஓர் அடி நகர்த்திக்கொண்டே இருக்கும். வெளியே ராணியே நின்றாலும் நுழைய வழியில்லை. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பிஷப், அதுவும் வெவ்வேறு நிறக் கட்டங்களில் ஓடுகிறது என்றால், இரண்டு சிப்பாய் கூடுதலாக இருந்தும் வெல்ல முடியாமல் போகும் ஆட்டங்கள் ஏராளம். இது போன்ற நிலைகளில் எஞ்சின் +2, +3 என்று காட்டிக்கொண்டே இருக்கலாம். காய் அதிகம், இடம் அதிகம், பார்க்கும் தூரத்துக்குள் ஆபத்து எதுவும் இல்லை. அதனால் நல்ல மதிப்பெண் போடுகிறது. ஆனால் முன்னேற்றம் இருக்காது.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பிள்ளைகளுக்கும் சொல்லித் தரலாம். எஞ்சின் சொல்லும் நகர்வுகளையே பத்து, பதினைந்து தடவை ஆடிப் பாருங்கள். உண்மையான வெற்றி என்றால் எண் ஏறிக்கொண்டே போகும். +2.3 என்பது அப்படியே +2.3ஆக நின்றால் கோட்டையோ என்று சந்தேகப்படலாம். காய் எதுவும் வெட்டப்படாமல், சிப்பாய் எதுவும் நகராமல் இரு தரப்பும் 50 நகர்வுகள் ஆடிவிட்டால் டிரா கேட்கலாம் என்ற விதி இருப்பதால், ‘என்றைக்காவது ஒரு நாள் வெல்வேன்’ என்பது செல்லாது.

நகராமல் இருக்க அனுமதி இல்லை

இன்னொரு சிக்கலும் உண்டு. சதுரங்கத்தில் ‘என் முறை வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. உங்கள் முறை வந்தால் எதையாவது நகர்த்தித்தான் ஆக வேண்டும். எல்லாக் காய்களும் சரியான இடத்தில் இருக்கின்றன. எதை நகர்த்தினாலும் ஏதாவது ஒன்று அவிழும். இந்த நெருக்கடிக்கு ஜெர்மன் மொழியில் ‘ஸுக்ஸ்வாங்’ என்று பெயர். நடு ஆட்டத்தில் அபூர்வம். இறுதிக் கட்டத்தில் அன்றாடச் சமாசாரம்.

எஞ்சின்களிடம் நேரத்தை மிச்சப்படுத்த ஒரு தந்திரம் உண்டு. ‘இப்போது நான் நகராமல் முறையை விட்டுக்கொடுத்தாலும் நன்றாகத்தானே இருக்கிறேன்? அப்படியென்றால் இந்தக் கிளையை ஆழமாகத் தோண்ட வேண்டாம்’ என்று ஒதுக்கிவிடும். எஞ்சின் இவ்வளவு வேகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் ஸுக்ஸ்வாங் நிலையில் நகராமல் இருப்பதுதான் வரம். அந்த வரம் யாருக்கும் கிடையாது. கிடைத்ததாக நினைத்துக் கணக்குப் போட்டால் விடை தலைகீழாகும். அதனால்தான் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய நிலைகளில் இந்தத் தந்திரத்தை நிறுத்தி வைக்கும்படி எஞ்சினை எழுதியிருக்கிறார்கள்.

முடிவிலிருந்து பின்னோக்கி

காய்கள் இன்னும் குறைந்தால் கதையே மாறிவிடும். அங்கே எஞ்சின் மதிப்பிடுவதில்லை. விடைத்தாளைத் திறந்து பார்க்கிறது.

விடைத்தாளின் பெயர் ‘டேபிள்பேஸ்’. வழக்கமாகக் கணினி இன்றைய நிலையிலிருந்து நாளையைப் பார்க்கும். இதில் மாறாக, முதலில் செக்மேட் ஆன எல்லா நிலைகளையும் எழுதி வைத்துக்கொள்வார்கள். அதற்கு முந்தைய நிலை எது, அதற்கும் முந்தையது எது என்று பின்னோக்கியே நடப்பார்கள். கடைசியில் அந்தக் காய்களால் அமையக்கூடிய ஒவ்வொரு நிலைக்கும் வெற்றி, தோல்வி, டிரா என்று மூன்றில் ஒன்று எழுதப்பட்டிருக்கும். இதில் ஊகமே கிடையாது.

இதன் தொடக்க காலத்தில் ஒரு சுவையான சம்பவம். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், 1977இல் ராஜா – ராணிக்கு எதிராக ராஜா – யானை என்ற நான்கு காய் ஆட்டத்தின் முழு விடையையும் கணினியில் ஏற்றினார். ராணி வைத்திருப்பவர் சுலபமாக வெல்வார் என்றுதான் புத்தகங்கள் சொல்லி வந்தன. அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரவுன் ராணியை எடுத்துக்கொண்டு கணினிக்கு எதிரே உட்கார்ந்தார். கணினியோ யானையை ராஜாவின் பக்கத்திலேயே ஒட்டி வைக்காமல், புத்தகத்தில் யாரும் பார்க்காத இடங்களுக்கெல்லாம் கொண்டுபோனது. 31 நகர்வுகளில் முடிய வேண்டிய ஆட்டம்; பிரவுனால் 50 நகர்வுகளிலும் முடிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் நன்றாகப் படித்துவிட்டு மறுபடி வந்தார். இரண்டாவது முறை வென்றார், அதுவும் சரியாக 50ஆவது நகர்வில்.

நான்கு காய்க்கே இந்தக் கதை. 2012இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் ‘லோமோனோசோவ்’ சூப்பர் கணினியில் ஏழு காய் விடைத்தாள் தயாரானது. 2018இல் அதே ஏழு காய்க்கு ‘சிசிஜி’ என்ற, இன்னும் சுருக்கமான விடைத்தாள் முடிந்தது. அதுவே சுமார் 17 டெராபைட். அதில் அடங்கியிருக்கும் நிலைகள் 400 டிரில்லியனுக்கு மேல். அவற்றில் ஒன்றில், இரு பக்கமும் மிகச் சரியாக ஆடினால் 549ஆவது நகர்வில்தான் செக்மேட். அந்த நகர்வுகளைப் பார்த்த கிராண்ட்மாஸ்டர்களுக்கே பாதிக்கு மேல் ஏன் என்று விளங்காது. ராஜா காரணமில்லாமல் சுற்றுவது போலிருக்கும். எட்டுக் காய்க்கான முழு விடைத்தாள் இன்னும் இல்லை.

ஒன்பதிலிருந்து ஏழுக்கு

இப்போது செந்தோசாவுக்குத் திரும்புவோம்.

54 நகர்வுகள் முடிந்தபோது பலகையில் ஒன்பது காய்கள். டிங்கிடம் ராஜா, யானை, பிஷப், ஒரு சிப்பாய். குகேஷிடம் ராஜா, யானை, பிஷப், இரண்டு சிப்பாய். ஒரு சிப்பாய் குறைவு. ஆனாலும் காத்தால் டிரா. எஞ்சினும் அதைத்தான் சொன்னது. நானும் அதைத்தான் வானொலியில் சொன்னேன்.

ஆனால் டிங்கின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மூன்று வாரமாக நடக்கும் போட்டியின் கடைசி நாள். நாலு மணி நேரமாகக் காத்துக்கொண்டிருக்கிறார். கடிகாரத்தில் குகேஷிடம் இருப்பதைவிட மிகக் குறைந்த நேரமே இருக்கிறது. எதிரே இருக்கும் இளைஞர் அவசரமே இல்லாமல் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிறார். யானைகளை வெட்டிக்கொண்டால் காய் குறையும், ஆட்டம் சுருங்கும், நிம்மதி கிடைக்கும் என்று எந்த மனிதருக்கும் தோன்றும். டிங் 55ஆவது நகர்வில் யானையை எஃப்2 கட்டத்துக்கு இழுத்து, ‘வெட்டிக்கொள்ளலாமா?’ என்று கேட்டார்.

அவருடைய பிஷப் அப்போது ஏ8இல், பலகையின் மூலையில் இருந்தது. பிஷப்புக்கு மூலையிலிருந்து ஒரே ஒரு சாலைதான். யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் பிஷப்பை டி5இல், அதே சாலையின் நடுவில், தன் ராஜாவின் துணையோடு நிறுத்தினார். டிங்கின் பிஷப்புக்கு விலகிப்போக வேறு வழியில்லை. பி7இல் இருந்திருந்தால்கூட வேறு சாலையில் தப்பியிருக்கும். பிஷப்புகளும் வெட்டுப்பட்டன. மிஞ்சியது டிங்கிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். குகேஷிடம் ராஜாவும் இரண்டு சிப்பாயும். அங்கே குகேஷின் ராஜாவை நிறுத்த முடியாது. எது நகர்ந்தாலும் ஏதோ ஒரு பக்கம் வழி திறக்கும். நாம் மேலே பார்த்த அதே ஸுக்ஸ்வாங் நெருக்கடி. 58ஆவது நகர்வோடு டிங் கை கொடுத்தார். 7.5 – 6.5. உலகுக்குப் புதிய சாம்பியன்.

எண்ணிப் பாருங்கள். யானைகள் வெட்டுப்பட்ட கணத்தில் ஒன்பது காய் ஏழாகிவிட்டது. விடைத்தாள் வைத்திருக்கும் கணினிக்கு அந்த ஏழு காய் நிலை புரட்டிப் பார்க்க வேண்டிய ஒரு பக்கம்தான். வேறு கேள்வியே இல்லை. அதனால்தான் நம் திரையில் பட்டை கண் இமைப்பதற்குள் சாய்ந்தது. குகேஷோ, டிங் யானையை நகர்த்தியதும் அது தவறு என்று தனக்கு உடனே தெரியவில்லை என்றுதான் ஆட்டத்துக்குப் பிறகு சொன்னார். வேறொரு நகர்வை ஆட இருந்தவர், மூலையில் மாட்டிய பிஷப்பைக் கவனித்துவிட்டு நிறுத்தியிருக்கிறார். வெல்லப்போகிறவருக்கே யோசித்துத்தான் தெரிந்தது. தொலைபேசி வைத்திருந்த எனக்கு யோசிக்காமலே தெரிந்தது. இதில் பெருமைப்பட எனக்கு என்ன இருக்கிறது?

இதன் மறுபக்கம் 2018இல் இலண்டனில் நடந்தது. கார்ல்சன், கருவானா மோதிய உலகப் போட்டியின் ஆறாவது ஆட்டம். 68ஆவது நகர்வில் கருவானாவுக்குக் கட்டாய வெற்றி இருப்பதாக நார்வேயில் ஸ்டாக்ஃபிஷ் ஓடிக்கொண்டிருந்த சக்திவாய்ந்த கணினி ஒன்று காட்டியது. முப்பதுக்கும் மேற்பட்ட நகர்வுகளில் செக்மேட்! வழி என்னவென்றால், தன் குதிரையைத் தானே கொண்டுபோய் எதிரியின் ஓரத்தில் வெளியே வர முடியாதபடி அடைத்துவைத்து, எதிரிக்கு நல்ல நகர்வுகள் தீரும்வரை காத்திருப்பது. மனிதர் யாரும் மனமறிந்து அப்படி ஒரு குதிரையைச் சிறை வைக்க மாட்டார்கள் என்று காஸ்பரோவே சொன்னார். கருவானா அதை ஆடவில்லை, ஆட்டம் டிரா. அந்தப் போட்டியின் 12 ஆட்டங்களுமே டிராவாகி, கார்ல்சன் அதிவேக ஆட்டங்களில் பட்டத்தைத் தக்கவைத்தார். அந்த ஓர் ஆட்டம் வேறு மாதிரி முடிந்திருந்தால்? ஆனால் அதற்காகக் கருவானாவை யாரும் முட்டாள் என்று சொல்லவில்லை. அந்த வழி மனிதருக்கானது இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது.

டிங்கின் தவறு அந்த அளவுக்கு மறைவானது இல்லைதான். வேறொரு நாளில், வேறொரு நேரத்தில் அவர் அதை ஒரு பார்வையில் பார்த்திருப்பார். ஆனால் இரண்டு தவறுகளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதைத் திரையில் இருக்கும் பட்டை காட்டாது. இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் சாயும்.

அலமாரிக்கு மேலிருந்த பலகை

இவ்வளவும் படித்த பிறகு, ஒரு சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். பையனிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“தம்பி, உன் ஆட்டத்தக் கொஞ்சம் காட்டுறியா?”

“எதுக்கு சித்தி? டிரா நிலைதான். நான்தான் கெடுத்தேன்.”

“சரி, அந்த டிராவ எப்படிக் காக்கணும்?”

அவன் பதில் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது. எஞ்சின் 0.00 என்று மட்டும்தான் சொல்லியிருந்தது; எப்படி என்று சொல்லவில்லை.

அவனிடம் ராஜாவும் யானையும். எதிரியிடம் ராஜா, யானை, நடுவரிசையில் ஒரு சிப்பாய். ஐந்தே காய், விடைத்தாளில் டிரா என்று எழுதப்பட்ட நிலை. ஆனால் அதைக் காக்கும் வழியை மனிதர்கள் அதற்கும் வெகுகாலத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். பிரெஞ்சு ஆட்டக்காரர் ஃபிலிடோர் 1777இலேயே எழுதி வைத்திருக்கிறார். உன் ராஜா சிப்பாய்க்கு முன்னால் நிற்கட்டும். உன் யானை, உன் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது வரிசையில் குறுக்கே நின்று, எதிரி ராஜாவை அந்த வரிசைக்குள் வரவிடாமல் தடுக்கட்டும். அவசரப்படாதே. எதிரி வேறு வழியில்லாமல் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளும்போது, யானையைப் பலகையின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இரு. ஒளிந்துகொள்ள அவர் ராஜாவுக்கு மறைப்பே இருக்காது.

பையன் செய்தது வேறு. ராஜாவுக்குக் காவலாக இருக்கட்டும் என்று யானையைப் பின்வரிசைக்கு இழுத்து, அங்கேயே வைத்துவிட்டான். பயந்துபோன எவரும் செய்யக்கூடியது. பயத்தில் நாம் எல்லாரும் வீட்டுக்குள்தானே ஓடுகிறோம்?

டிங்கின் ஆட்டத்தையும் பக்கத்தில் எடுத்து வைத்தேன். “பாரு, இவருக்கும் 0.00தான் இருந்துச்சு. அன்னிக்கு ரேடியோல நான் பேசுனது தப்புடா. அவரு காத்துக்கிட்டிருந்தது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியல” என்றேன். அவன் வெகுநேரம் அந்த ஏ8 பிஷப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நாற்காலி போட்டு ஏறி, அலமாரிக்கு மேலிருந்த பலகையை எடுத்து வந்தான்.

அதே ஐந்து காயை அடுக்கி, தொலைபேசி எஞ்சினுக்கு எதிராக அவனை ஆடவிட்டோம். முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவதும் தோல்வி, மூன்றாவது வரிசையைச் சரியாகப் பிடித்துவிட்டு, செக் கொடுக்க வேண்டிய நேரத்தில் மறந்துவிட்டான். அக்கா கோப்பி கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். நான்காவது ஆட்டத்தில் 20 நகர்வு தாண்டியும் தாக்குப்பிடித்தான். எண் முழுவதும் 0.00 என்றே இருந்தது. முதல் ஆட்டத் தொடக்கத்திலும் அதே 0.00தான். இடையில் மாறியது அவனுக்குத் தெரிந்த விஷயம் மட்டும்.

வீட்டில் சதுரங்கம் ஆடும் பிள்ளை இருந்தால், எங்கள் அனுபவத்திலிருந்து ஒன்றிரண்டு சொல்கிறேன். ஆட்டம் முடிந்தவுடனே எஞ்சினைத் திறக்க வேண்டாம். முதலில் பிள்ளையிடம் எங்கே கஷ்டமாக இருந்தது, அப்போது என்ன நினைத்தாய் என்று கேளுங்கள். அதை எழுதி வைத்த பிறகு திறக்கலாம். எஞ்சின் 0.00 என்று காட்டும் இறுதிக் கட்டம் வந்தால், அதையே பலகையில் அடுக்கி, எஞ்சினுக்கு எதிராகக் காத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண்ணுக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்று அப்போது பிள்ளைக்கும் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் தெரியும்.

என் பங்குக்கு நானும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். அடுத்த உலகப் போட்டி வரும்போது நேரலையில் எண்ணைச் சொல்வேன். அதோடு, கடிகாரத்தில் யாருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்வேன். ‘இனி ஒன்றும் நடக்காது’ என்ற வாக்கியத்தை மட்டும் என் வாயிலிருந்து நீங்கள் கேட்க மாட்டீர்கள்.